ஊதுதலும் உமிழ்நீரும்: புதுவை மண்ணில் ஒரு சடங்கின் வரலாறு

மதச் சடங்குகளை வெறும் வெளியாசாரம் என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே பலர் உளர். பகுத்தறிவு வழிநின்று அவ்வாறு கூறுவோரும் உண்டு. உள்ளத்தூய்மை ஒன்றே போதும் என்னும் பக்தியால் கூறுவோரும் உண்டு. ஆயினும் புதுவையின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு வேறோர் உண்மை புலனாகும். இம்மண்ணில் எழுந்த ஒரு வழக்கு, ஒரு சொட்டு உமிழ்நீரையும் ஒரு மூச்சுக் காற்றையும் முன்னிட்டு, 1704 முதல் 1744 வரை நாற்பது ஆண்டுகள் உரோமாபுரியின் படிகளில் ஏறி இறங்கிற்று. வழக்காடியோர் துறவியர், தீர்ப்பளித்தோர் பாப்பரசர்கள். வழக்கின் வேரோ, நம் ஊர்த் தெருக்களில் ஓடிய தீட்டு என்னும் எண்ணம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் மக்களுள் கிறிஸ்தவரும் உளர், இந்துக்களும் உளர். ஒரே குடும்பத்தில் இருவகையினரும் இருத்தல் புதுமையன்று. ஆதலின் இவ்வரலாறு ஒரு மதத்தார்க்கு மட்டும் உரியதன்று.

முதலில் சடங்கினை நோக்குவோம். 1969-ஆம் ஆண்டு சீர்திருத்தத்திற்கு முன்னர் கத்தோலிக்கக் கோயில்களில் ஞானஸ்நானம் நடந்த முறை பெரியோர் சிலர்க்கேனும் நினைவிருக்கும். குரு குழந்தையின் முகத்தில் மும்முறை மெல்ல ஊதுவார். அதன் நாவில் சிறிது உப்பு இடுவார். தம் விரலை உமிழ்நீரால் நனைத்துக் குழந்தையின் காதுகளையும் மூக்கையும் தொட்டு, ‘திறக்கப்படு’ எனப் பொருள்படும் ‘எப்பேத்தா’ என்ற அரமேயச் சொல்லை உரைப்பார். மார்பிலும் தோள்களுக்கு நடுவிலும் தைலம் பூசுவார். பின்னரே தலையில் நீர் வார்ப்பார். வெண்துகில் சார்த்தி, எரியும் மெழுகுதிரியைக் கையில் தந்து அனுப்புவார்.

இவற்றுள் ஊதுதலுக்குத் தீய ஆவியை ஓட்டுதல் என்பது நூல் கூறும் பொருள். ஆனால் கேட்போர் மனத்தில் அது வேறொன்றையும் எழுப்பும். களிமண்ணாற் செய்த உருவின் மூக்கில் கடவுள் மூச்சை ஊதி மனிதனை உயிர்ப்பித்தார் என்பது ஆதியாகமக் கதை. உமிழ்நீரோ, செவிடனும் கொன்னைவாயனுமான ஒருவனை இயேசு தனியே அழைத்துச் சென்று, தம் உமிழ்நீரால் அவன் நாவைத் தொட்டுக் குணமாக்கிய நிகழ்ச்சியின் நினைவு. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் இதனைக் காணலாம்.

எச்சில் என்னும் சொல்லைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. தாய் தன் விரலை நாவில் தொட்டுப் பிள்ளையின் கன்னத்து அழுக்கைத் துடைக்கிறாள். அங்கே எச்சில் அசுத்தமாவதில்லை. கணவன் உண்ட இலையில் மனைவி உண்பது நெடுங்கால வழக்கம். அதே எச்சில், உறவு வட்டத்திற்கு அப்பால் ஒரு துளி பட்டால் அருவருப்பு. சாதி வட்டத்திற்கு அப்பால் பட்டால் தீட்டு. எனவே எச்சில் என்பது ஓர் எல்லைக்கோடு; யார் நம்மவர், யார் அயலார் என்பதை உடலே அறிந்து கூறும் கோடு. முன்பின் அறியாத ஒருவர் தம் உமிழ்நீரால் ஒரு குழந்தையைத் தொடுகிறார் என்றால், ‘இது என் பிள்ளை’ என்று சொல்லாமற் சொல்லுகிறார் என்பதே அச்செய்கையின் மனப்பொருள். நூறு பிரசங்கங்கள் செய்ய இயலாததை ஒரு தொடுகை செய்யும். தொடுகைக்கு அஞ்சியோரும் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

மனநூலார் இத்துறையில் எழுதியவை நம் இளைஞர் அறியத்தக்கவை. வியன்னா நகரத்து மருத்துவர் பிராய்டு, 1907-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சமயச் சடங்குகளையும், காரணமின்றித் திரும்பத் திரும்பக் கைகழுவும் மனநோயாளரின் செய்கைகளையும் ஒப்பிட்டார். செய்யாது விட்டால் உள்ளத்தில் எழும் பதைப்பு இரண்டிற்கும் பொது என்பது அவர் கண்டது. சமயம் முழுவதையும் இவ்வொப்புமைக்குள் அடக்குதல் மிகையென்றே தோன்றுகிறது. ஆனால் தீட்டுக்கு அது முற்றும் பொருந்தும். நிழல் பட்டதென்று தலைமுழுகுவதும், தொட்ட குவளையைத் தூர எறிவதும் நோயல்லாமல் வேறென்ன? நோயாளி ஒருவரல்லர், ஊர் முழுவதும் என்பதால் அந்நோய்க்கு ஆசாரம் என்று பெயர் வந்தது. அம்பேத்கரும் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி என்பது கல்லாலும் கம்பியாலும் ஆன தடையன்று, மனத்தின் ஒரு நிலை என்றே முடிவு கண்டார்.

சுவிட்சர்லாந்து நாட்டு யுங், சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன். அவர் 1941-இல் கத்தோலிக்கப் பூசையின் குறியீடுகளைப் பற்றி ஆற்றிய உரை பின்னர் விரிந்த கட்டுரையாயிற்று. பலியிடுவோனும் பலிப்பொருளும் ஒன்றாகும் அப்பூசையில், மனிதனின் உள்ளம் மாறுதலடையும் பாதையே வரையப்பட்டுள்ளது என்பது அவர் கருத்து. ஆழ்ந்த கட்டுரைதான். ஆயினும் அவர் பீடத்தை மட்டுமே நோக்கினார். பீடத்தின் எதிரே யார் எங்கே நின்றனர் என்று நோக்கவில்லை. அதை நோக்குதற்குப் புதுவைக்கு வருதல் வேண்டும்.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பரங்கி மார்க்கம் என்ற இழிபெயரை நீக்கக் கருதிக் காவியுடுத்துச் சந்நியாசியாக வாழ்ந்தார். உயர்சாதியாரிடையே அவர் பணி நடந்தது. தாழ்த்தப்பட்டோர் அவரை வெளிப்படையாக அணுக இயலவில்லை. 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் பூணூல், குடுமி முதலியவற்றுக்கு இசைவளித்தபோது, தாழ்ந்தோரை இகழலாகாது என்றும் உடன் அறிவுறுத்தினார். இசைவு நடைமுறைக்கு வந்தது. அறிவுரை ஏட்டில் நின்றது. 1640 முதல் பண்டாரச்சாமிகள் என்ற இரண்டாம் வகைக் குருக்கள் ஏற்பட்டனர். பிராமணரல்லாத பிற சாதியாரையும் ஒடுக்கப்பட்டோரையும் அணுகுவதற்கு இவ்வேற்பாடு. ஒரே சபை, ஒரே பீடம்; குருவில் மட்டும் இருவகை. இம்மரபே இயேசு சபையாரால் புதுவையைச் சூழ்ந்த கருநாடக மிஷனுக்கும் வந்தது.

ஞானஸ்நானத்தில் ஊதுதலையும் உமிழ்நீரையும் இச்சபையார் விட்டுவிட்டனர், அல்லது காணாதபடி மறைத்தனர். தமிழர் அவற்றை அருவருப்பர், மனந்திரும்புவோர் குறைவர் என்பது அவர் கூறிய காரணம். அவ்வாறே, சேரியில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு அவர் குடிசைக்குள் நுழைவதில்லை. நோயாளியைத் தூக்கிக் கோயிலுக்கோ வேறிடத்திற்கோ கொண்டுவருதல் வேண்டும். நுழைந்தால் உயர்சாதியார் அக்குருவைத் தம் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். அவஸ்தைப்பூசுதல் என்பது சாவின் அச்சத்தில் தனித்துக் கிடக்கும் மனிதனின் நெற்றியையும் கைகளையும் தைலத்தால் தொட்டு, நீ தனியனல்லை என்று உணர்த்தும் சடங்கு. அச்சடங்கைப் பெறவே சாகும் மனிதனைக் கட்டிலோடு வெளியே தூக்கிவந்தனர் எனில், தொடுகை தந்த ஆறுதலை அத்தூக்கல் முன்னரே பறித்துவிட்டது எனலாம்.

இம்முறைகளைக் கப்புச்சீன் சபையார் உரோமைக்கு எழுதினர். சீனத்திற்குச் செல்லும் வழியில் பாப்பரசரின் தூதர் துர்னோன் 1703 நவம்பர் 6 அன்று புதுவையில் இறங்கினார். நோயுற்று எட்டு மாதங்கள் இங்கேயே தங்கினார். நாட்டுப்புறத்துச் சபைகளை நேரிற் சென்று காணவில்லை. 1704 ஜூன் 23 தேதியிட்டு அவர் விடுத்த ஆணையில் பதினாறு கட்டளைகள் இருந்தன. உமிழ்நீரையும் ஊதுதலையும் விடலாகாது. பறையர் வீட்டு நோயாளியைக் குரு வீடு தேடிச் சென்று சந்தித்தல் வேண்டும். மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தலாகாது. இவை மூன்றும் நம் நோக்கில் தலையாயவை. தாலியின் உருவம், கலியாணத்தில் தேங்காய் உடைத்தல், மேளகாரர் பிற மதத் திருவிழாக்களில் வாசித்தல் முதலியவற்றைத் தடுத்த ஏனைய கட்டளைகளில் தமிழர் வாழ்வை அறியாத அயலாரின் கடுமை தெரிகிறது. அவற்றை நான் புகழமாட்டேன். ஆனால் தீட்டு எது, பண்பாடு எது என்பதை அவ்வாணை பிரித்தறியாதது போலவே, அதனை எதிர்த்தோரும் பிரித்தறியவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காத்தனர்.

பின்னர் நடந்த வாதங்கள் நெடியன. 1734-இல் 12-ஆம் கிளமெண்ட் சில தளர்வுகளோடு ஆணையை உறுதிசெய்தார். 1744 செப்டம்பர் 12 அன்று 14-ஆம் ஆசீர்வாதப்பர் இறுதி முடிவை வெளியிட்டார். சேரி வீடுகளுக்குச் செல்லுதலே அப்போதும் தீராத சிக்கலாய் நின்றது. தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனியே சில குருக்களை அமர்த்துகிறோம் என்று இயேசு சபையார் முன்மொழிய, பாப்பரசர் அதனை ஏற்றார். குரு வீட்டுக்குள் வந்தார். ஆனால் அவர் நமக்கென்று ஒதுக்கப்பட்ட குரு. சடங்கு காப்பாற்றப்பட்டது, தீட்டும் காப்பாற்றப்பட்டது. சட்டத்தின் சொல்லுக்குப் பணிந்து அதன் பொருளைத் தப்பவிடும் இக்கலையை நம் ஊராட்சிகளில் நாம் இன்றும் காண்கிறோம்.

பதின்மூன்று மாதங்கள் கழிந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் 16 தேதியில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். புதுவைச் சம்பா கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கம் பறையர்; மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர், சட்டைக்காரர், ஐரோப்பியர். பறையர் பெரிய குருவிடம் சென்று முறையிட்டனர். நாங்களும் உம்முடைய சீடர்களேயானால் வேற்றுமை ஏன் என்பது அம்முறையீட்டின் சாரம். குரு அது நியாயம் எனக் கண்டு சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர் சினந்து கூட்டங்கூட, கவர்னர் துய்ப்ளேயிடம் புகார் சென்று, கூட்டங்கூடுவோரைப் பிடிக்கும்படி ஆணை பிறந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளை நம்மவருக்காகப் பரிந்து பேசும் நோக்கமுடையவரல்லர். அவர் குறிப்பு ஆதலினாலேயே இது நம்பத்தக்கது. நாற்பது ஆண்டுக் காலம் பாப்பரசர்களும் துறவியரும் நம்மைப் பற்றி வாதிட்டனர். சுவரைப் பற்றிப் பேசியோர் நம் முன்னோரே. அவர்கள் மேற்கோள் காட்டிய நூல் எதுவுமில்லை. தங்கள் ஞானஸ்நானத்தையே சான்றாக வைத்தனர். குறியீட்டின் பொருளை முழுமையாக நம்பியவர்கள் அவர்கள்தாம். இன்று நாம் காணும் சம்பா கோயில் அக்கட்டடமன்று. பழைய கோயில் 1761-இல் ஆங்கிலேயரால் அழிந்தது, இன்றைய கட்டடம் 1791-இல் அபிஷேகம் செய்யப்பட்டது.

கோயிலுக்குள் ஒரு சுவர் மனத்தில் என்ன செய்யும் என்பதை அமெரிக்க நாட்டின் ஓர் ஆய்வு தெளிவாக்குகிறது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர், 1940-களில், கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்லது, எது கெட்டது என வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையை நல்லதென்றும் கறுப்பைக் கெட்டதென்றும் காட்டின. உன் உருவம் எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது இவ்வகை ஆய்வுகளையும் கருத்திற் கொண்டது. நம் குழந்தைகளின் முன் எவரும் பொம்மை வைத்துச் சோதிக்கவில்லை. அவர்கள் ஞாயிறுதோறும் சுவருக்கு இப்புறம் முழந்தாளிட்டனர். கடவுள் அப்புறத்தாருக்கு அணுக்கமானவர் என்பதைச் சொல்லித்தர உபதேசியார் தேவைப்படவில்லை.

வில்லியனூருக்கு வருவோம். திருக்காமீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரில், பிரெஞ்சு மிஷன் குருக்கள் லூர்து அன்னைக்குக் கோயில் எழுப்பினர். 1877-இல் பிரான்சிலிருந்து சுரூபம் வந்தது. 1886-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரின் இசைவால் அதற்கு முடிசூட்டப்பட்டது. உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் கொடியேறி, தேர்பவனியோடு முடியும் அத்திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருகின்றனர்.

லூர்து நிகழ்ச்சியில் நம் மக்கள் கருதத்தக்க ஒரு கூறு உண்டு. 1858-இல் அங்கே காட்சி கண்டதாகக் கூறிய பெர்னதெத், தொழிலிழந்த ஏழை ஆலைக்காரனின் மகள். அவள் குடும்பம், முன்பு சிறையாயிருந்து கைவிடப்பட்ட ஓரறையில் குடியிருந்தது. எழுதப் படிக்க அறியாதவள். குகையின் தரையைக் கையால் தோண்டி, சேற்றுநீரைக் குடித்து, அதனையே முகத்தில் பூசிக்கொண்டபோது கூடியிருந்தோர் அவளைப் பித்துப் பிடித்தவள் என்றனர். அச்சேறே பின்னர் தெளிந்த ஊற்றாயிற்று. உலகெங்கிலுமிருந்து மக்கள் அந்நீரைத் தேடி வந்தனர். இழிந்ததெனத் தள்ளப்பட்ட இடத்திலிருந்து தூய நீர் சுரத்தல் என்பது மனத்தை ஆழத் தொடும் குறியீடு. வில்லியனூரில் கோயிலுக்கு எதிரே குளம் உண்டு. குளம் என்றவுடன் நமக்கு மகாத் நினைவுக்கு வரவேண்டும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். குளத்தைத் தீட்டுப்பட்டதெனக் கருதிய உயர்சாதியார் பஞ்சகவ்வியம் கொட்டி அதனைச் சுத்தி செய்தனர். ஒருபுறம் நீர் மனிதனைத் தூய்மையாக்கும் என்ற சடங்கு; மறுபுறம் மனிதன் நீரைத் தீட்டாக்குவான் என்ற சடங்கு. இவ்விரண்டும் ஒரே மனத்தில் எவ்வாறு ஒருங்கே குடியிருந்தன என்பதே நம் நாட்டுக் கிறிஸ்தவத்தின் புதிர்.

புதுவையில் அரசும் ஒரு பெயரிடும் சடங்கை நடத்திற்று. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வேளாளக் கிறிஸ்தவ வழக்கறிஞர் ஐரோப்பியப் பாதரட்சை அணிந்து நீதிமன்றம் சென்றமைக்காக வெளியேற்றப்பட்டார். பிரான்சின் உயர்நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். காலணி என்பது நம்மவர்க்கு எத்தகைய குறியீடு என்பதை ஊர்த்தெருவில் அதனைக் கையில் பிடித்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, சாதி மத வேறுபாடின்றி எவரும் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சட்டத்தை ஏற்று, புதிய குடும்பப் பெயர் பூணலாம் என்றாயிற்று. அவ்வழியில் சென்றோருள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் பலர். ஞானஸ்நானத்தில் பெயர் மட்டும் மாறிற்று. பதிவாளர் அலுவலகத்தில் பெயரோடு உரிமையும் மாறிற்று. எச்சடங்கு உள்ளத்தை மிகுதியும் நிமிர்த்தியது என்று சொல்வது கடினமன்று.

சுவர்களின் கதை 1745-ஓடு முடியவில்லை. நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பிரிவாகக் கட்டப்பட்ட கோயிலின் தடுப்பு 1910-இல் தகர்க்கப்பட்டது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இறையூரில், தலித் கிறிஸ்தவர் தனிப் பங்கு கேட்டுப் போராடிய காலத்தில், 2008 மார்ச்சு 9 அன்று நடந்த மோதலும் துப்பாக்கிச் சூடும் இரண்டு உயிர்களைக் கொண்டுபோயின. அப்போராட்டத்தில் பேசப்பட்டவை மறையுண்மைகள் அல்ல. எந்தத் தெரு வழியே பிணம் செல்வது, எந்தக் கோயிலின் வாசலில் அது வைக்கப்படுவது என்பவை. சாவுச் சடங்கின் பாதை மானத்தின் பாதை என்பதை இருதரப்பாரும் அறிந்தே நின்றனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1969-இல் வெளியான புதிய ஞானஸ்நான முறையில் முகத்தில் ஊதுதல் இல்லை, உப்பு இல்லை, காதையும் வாயையும் தொடுதல் உண்டெனினும் உமிழ்நீர் இல்லை. நாற்பதாண்டு வழக்கின் பொருள் சந்தடியின்றி நீங்கிவிட்டது. உடல்நலம் கருதின் அது சரியே. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கோ அதற்கு முன்பே, 1955-இல், 12-ஆம் பத்திநாதரின் சீர்திருத்தத்தால் பூசைக்குள் இடம்பெற்று, பங்குக் கோயில்களில் எல்லாரும் காண நடப்பதாயிற்று. 2016 முதல் பெண்களின் பாதங்களையும் கழுவலாம். சூத்திரரைப் பாதத்தில் பிறந்தோராக்கி, அவ்வுடலுக்கே வெளியில் நம்மை நிறுத்திய நாட்டில், குரு முழந்தாளிட்டுப் பாதம் கழுவி முத்தமிடுதல் ஐரோப்பாவில் இல்லாத பொருள் பெறுகிறது. அதற்காக நாற்காலியில் அமரும் பன்னிருவர் எத்தெருக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பதை அந்தந்தப் பங்கின் இளைஞர் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நம் மாணவரை நேரே தொடும் செய்தி. 1950-இல் குடியரசுத் தலைவர் விடுத்த ஆணை பட்டியல் சாதியினரை இந்துக்களுக்குள் அடக்கியது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். புதுவைக்கெனப் பிறந்த 1964-ஆம் ஆண்டு ஆணையும் இவ்வழியதே. கிறிஸ்தவர் இன்றளவும் வெளியே உள்ளனர். இத்தடையை நீக்கலாம் என 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் பயனில்லை. புதுவையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில், ஞானஸ்நானப் பதிவும் கோயிலுக்குச் செல்லும் வழக்கமும் ஒருவரைக் கிறிஸ்தவர் என நிறுவும் சான்றுகளாய்க் கொள்ளப்பட்டன. அத்தகையவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர இயலாது என்றாயிற்று. முந்நூறு ஆண்டுகளாகக் கோயிலுக்குள் மாறாதிருந்த சாதி, தாசில்தார் அலுவலக வாசலில் மட்டும் மாறிவிடுகிறது. குழந்தையின் தலையில் வார்த்த நீரைச் சுவர் கட்டியோர் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தைப் பார்க்கும் எழுத்தர் மதிக்கிறார். கல்விச் சங்கத்திற்கு விண்ணப்பத்தோடு வரும் பெற்றோரிடம் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவைப் பற்றி முதலிலேயே விசாரித்து, எந்த உதவிக்கு அவர் தகுதி உடையவர், எதற்கு இல்லை என்பதை விளக்கி அனுப்பும் பணி நம் உறுப்பினர் சிலரிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும்.